மணி அடிக்காதீர்கள், குழந்தை தூங்குகிறது

"மேடம், இது ஃப்ரிட்ஜா, இல்ல உள்ள யாராவது குடியிருக்காங்களா?"

ஒல்லி தோளைக் கொடுத்து முட்டினான். ஃப்ரிட்ஜ் சமையலறையிலிருந்து கூடத்துக்கு முனகிக்கொண்டே நகர்ந்தது. வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் பாதி பிடுங்கிக்கொண்டு தொங்கியது. வெளியிலிருந்து அடுத்த உதை விழுந்தபோது ஆணி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"பேச்சைக் குறை. தள்ளு," என்றார் மேடம்.

"பேசினாத்தான் மேடம் எனக்கு பலமே வரும்."

ஃப்ரிட்ஜ் கதவோடு ஒட்டி நின்றது. அடுத்த உதைக்குக் கதவு அசையவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் ஏதோ ஒரு பாட்டில்தான் சாய்ந்தது.

ஒல்லி என்பது நண்பர்கள் குறும்பாக வைத்த பெயர். அவன் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் போவார்கள். மேடம் அவனுக்கு நேர்மாறு. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தே முடி நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

வெளியே இருந்த குரல் திடீரென்று தணிந்தது. "நான் சண்டை போட வரல. என் கொழந்தைய ஒரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான். கதவைத் திறம்மா."

கெஞ்சுகிற குரல். அது முடிவதற்குள் மறுபடி உதை. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை.

சமையலறை வாசலில் பட்டுவின் அம்மா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே லேசாகக் கோணியிருக்கும். உடைந்த எலும்பு கூடும்போது நேராகக் கூடவில்லை. உடைத்த புருஷன்தான் இப்போது கதவுக்கு வெளியே நின்று "அம்மா" போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். பட்டு யாரிடம் வளர வேண்டும் என்று அடுத்த வாரம் கோர்ட்டு சொல்லப்போகிறது. அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கோர்ட்டு என்ன சொன்னாலும் அவனுக்குக் கவலையில்லை.

"அழக்கூடாது. பின்னாடி படி வழியா இறங்கு," என்றார் மேடம்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சான்? ரெண்டு தட்டு தட்டினான். டெலிவரின்னு நினைச்சு தாழ்ப்பாள் மேல கை வெச்சிட்டேன். கண்ணாடி ஓட்டை வழியா பார்த்தா அவன் நிக்கிறான்."

"அப்புறம் யோசிக்கலாம். முதல்ல இறங்கு."

சமையலறைக்குப் பின்னால் இரும்புப் படி. மூன்று மாடி. ஒல்லி முன்னால் இறங்கினான். "நான் முன்னாடி போறேன். படி தாங்கலன்னா எனக்கு மட்டும் ஆகட்டும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

கீழே குறுகலான சந்து. குப்பைத் தொட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே, இவர்கள் இதே படியில் ஏறி வந்தபோது இல்லாத ஒரு வெள்ளைக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதன் பின்கதவைத் திறந்து பிடித்தபடி அண்ணன் நின்றான். பட்டுவின் அம்மாவுக்கு உடன் பிறந்தவன். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "ஏறும்மா! சீக்கிரம் ஏறு! நான் இருக்கேன்ல!" என்று பதறினான்.

ஒல்லிக்கு உயிர் வந்தது. மேடம் எதையும் முன்கூட்டியே யோசிப்பவர். அண்ணனை எப்போது கூப்பிட்டாரோ!

மேடம் மட்டும் அவசரப்படவில்லை. பட்டு மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். வாத்துப் படம் போட்டது. கழுத்துப் பொத்தான் இல்லாமல் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. மேடம் கைப்பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்துக் குனிந்து குத்திவிட்டார். குத்திக்கொண்டே அம்மாவின் காதருகில் ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மேடம் மறுபடி ஏதோ சொன்னார். பிறகு அவளுடைய கைப்பேசியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன் எதுக்கு மேடம்?" என்றான் அண்ணன்.

"இதை வெச்சு அவன் தேடிடுவான். எங்கிட்ட இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்."

அவள் காரில் ஏறினாள். ஏறும்போது அண்ணனைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றாள். கார் சந்தைத் தாண்டி மறைந்தது.

மேலே உதை நின்றிருந்தது. இரண்டாவது மாடிக்காரர் வெளியே வந்து போலீசுக்குச் சொல்லிவிட்டதாகக் கத்தியதும், வந்தவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரோ தெரிந்தவர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறவன் மாதிரி முன்பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டான்.

மேடமும் ஒல்லியும் மறுபடி மேலே ஏறினார்கள்.

"ஒல்லி, இந்த முகவரி எத்தனை பேருக்குத் தெரியும்?"

"இன்னிக்கு வரைக்கும் மூணு பேர். அவங்க, நீங்க, நான்." ஒல்லி மூச்சு வாங்கினான். "அதுல ஒருத்தன் நான்தான். சந்தேகப்படுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, படி ஏறுறதை நிறுத்திக்கிறேன்."

ஒல்லி ஃப்ரிட்ஜை நகர்த்தியதும் மேடம் வாசல் கதவுக்கு வெளியே போய் நின்று அழைப்பு மணியை அழுத்தினார். மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அலறியது.

"பெல் நல்லாத்தான் அடிக்குது," என்றார்.

"அடிக்குதே. அதனால?"

"கட்டினவ ஓடிப் போயிட்டா, ஒளிஞ்சிருக்கிற இடம் தெரிஞ்சிடுச்சு, வெறியோட வர்றான். கதவை எப்படித் தட்டுவான்?"

"உடைக்கிற மாதிரி."

"அப்புறம்தானே உடைச்சான்? முதல்ல?"

ஒல்லி யோசித்தான். "ரெண்டு தட்டு. மெதுவா."

"பெல் கண்ணு முன்னாடி இருக்கு. அதைத் தொடாம மெதுவா ரெண்டு தட்டு. இந்த வீட்டுக்கு அப்படி யார் தட்டுவாங்க தெரியுமா? சாமான் கொண்டு வர்றவங்க மட்டும். பெல் அடிச்சா பட்டு முழிச்சிக்கும்னு அவ எழுதி வெச்சிருந்தா. 'மணி அடிக்காதீர்கள், குழந்தை தூங்குகிறது, இரண்டு முறை தட்டவும்'னு. எங்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னா."

"எங்க எழுதி வெச்சிருந்தாங்க?"

மேடம் கூடத்தின் மூலையைக் காட்டினார். பட்டுவின் பொம்மைகள் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன. பெட்டியின் மேல் கவுனில் இருந்த அதே வாத்து.

"அவ மத்ததெல்லாம் கீழ்க் கடையில வாங்கிப்பா. வெளியிலேர்ந்து வரவழைச்சது இந்தக் கடையில மட்டும்தான். இணையத்துல விக்கிறாங்க. குழந்தைங்க துணி. அந்த ஆர்டர்லதான் எழுதினா."

"அப்ப கடைக்காரன்தான் வித்துட்டான். முகவரிய!" ஒல்லி கையை முறுக்கினான். "கிளம்புங்க மேடம். இன்னிக்கு ஒரு வாத்து அடி வாங்கப் போகுது."

மேடம்தான் ஸ்கூட்டரை ஓட்டினார். ஒல்லி பின்னால் உட்கார்ந்ததும் முன்சக்கரம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் உருண்டது. அவன் கைப்பேசியில் அந்தக் கடையின் தளத்தைத் திறந்து அடியில் இருந்ததையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான்.

"கடை முகவரி போட்டிருக்கு மேடம். நாலு தெரு தள்ளித்தான். பதிவு எண் இருக்கு. பொருள் திருப்பிக் கொடுக்கிற விதி இருக்கு. புகார் கேட்கிற அதிகாரின்னு ஒருத்தர் போன் நம்பர் இருக்கு. பெரிய கம்பெனி போல. எல்லாம் சட்டப்படி போட்டே ஆகணுமாம்."

"ஒளிஞ்சிருக்கிறவ முகவரி வெளிய போயிடுச்சு. விக்கிறவங்க முகவரி சட்டப்படியே வெளிய இருக்கு. மேல படி."

"'உங்கள் தகவல்களை நாங்கள் எப்படிக் காக்கிறோம்'னு ஒரு பக்கம். அடேங்கப்பா, முடியவே மாட்டேங்குது. தள்ளத் தள்ள வருது." ஒல்லி விரலை உதறினான். "இதை உட்கார்ந்து முழுசா படிச்ச முதல் மனுஷன் நானாத்தான் இருப்பேன். நான் எந்த சைட்லயும் படிக்காமலே 'சரி'ன்னு அழுத்திடுவேன் மேடம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் அழுத்தினேன்."

சிக்னலில் நின்றபோது மேடம் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். எதுவும் இல்லை. மறுபடி உள்ளே வைத்தார். விளக்கு பச்சையானதுகூடத் தெரியாமல் நின்றார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"யார்கிட்டேர்ந்து எதிர்பார்க்கிறீங்க மேடம்?"

"படிக்கிறதைப் படி."

பெரிய கம்பெனி, பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறையாக இருந்தது. ஜன்னலோரம் தையல் மிஷின். அதன் முன்னால் நாற்பது வயதுக்காரி ஒருத்தி கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். சுவர் நெடுக வாத்துப் பெட்டிகள். தரையில் துண்டுத் துணிகள். எதிர் மூலையில் ஒரு கம்ப்யூட்டர்.

"புகார் அதிகாரியைப் பார்க்கணும்," என்றான் ஒல்லி கனத்த குரலில்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஓர் ஆள் ஒட்டுநாடாவும் கையுமாக எழுந்தார். "நான்தான் சார். சொல்லுங்க. என்ன பொருள்ல என்ன குறை?"

"நீங்களா? முதலாளி யாரு?"

"அண்ணிதான் முதலாளி. தைக்கிறது, வரையறது எல்லாம் அவங்க. நான் அவங்க கொழுந்தன். சைட்டு, பார்சல், புகார் மூணும் நான்."

மேடம் சுற்றி வளைக்கவில்லை. இன்று என்ன நடந்தது என்று சொன்னார். கோணிய கையைச் சொன்னார். தெறித்து விழுந்த ஆணியைச் சொன்னார். இரண்டு தட்டுகளைச் சொன்னார்.

கொழுந்தனின் முகம் சிவந்தது. "மேடம், எங்க தளத்துலேர்ந்து போயிருக்கவே முடியாது. நான் சும்மா சொல்லல. ஆரம்பத்துல ஒரு தடவை யாரோ எடுத்த குழந்தை போட்டோவை எடுத்து எங்க பக்கத்துல போட்டுட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்திடுச்சு. அண்ணி ரெண்டு நாள் மிஷினையே தொடல. அன்னிலேர்ந்து ஒவ்வொரு சட்டமா தேடிப் படிச்சு எல்லாத்தையும் சரி பண்ணினேன். சம்மதப் பெட்டியில நானா முன்கூட்டியே டிக் போட்டு வெக்க மாட்டேன். அவங்களேதான் போடணும். தேவைக்கு மேல ஒரு தகவல்கூட கேட்க மாட்டேன். பிறந்த நாள் கேட்க மாட்டேன். கொழந்தை பேர்கூட கேட்க மாட்டேன்."

"டெலிவரி பண்ற ஆளு?" என்றான் ஒல்லி.

"பெட்டி மேல முகவரி மட்டும்தான் ஒட்டுவோம். பெல் அடிக்காதீங்க, ரெண்டு தட்டு தட்டுங்கன்னு எழுதின குறிப்பு அவர் போன்ல மட்டும் தெரியும். பார்சலைக் கொடுத்ததும் அதுவே மறைஞ்சிடும். எங்ககிட்ட பார்சல் எடுக்க வர்ற ஆள் தினம் மாறுவார். யார் வீட்டுக்கு என்ன குறிப்புன்னு மாசம் கழிச்சு ஞாபகம் வெச்சுக்கிறதுக்கு அவருக்கு என்ன தலையெழுத்தா?"

"இங்க வேற யார் வேலை பாக்குறாங்க?"

"அண்ணி, நான். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு அண்ணிக்கே தெரியாது. அவங்களுக்கு அது வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ஒல்லி மேடத்தைப் பார்த்தான். முறுக்கிய கை தானாகவே தளர்ந்துவிட்டது. அடிக்க வந்த வாத்து இவ்வளவு நல்ல வாத்தாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"பின்ன எப்படிங்க வெளிய போச்சு? காத்துல பறந்தா போச்சு?"

அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

அண்ணி மிதியிலிருந்து காலை எடுத்திருந்தாள். ஊசிக்கு அடியில் சிக்கியிருந்த சின்னக் கையைப் பார்த்தபடியே பேசினாள். துணிக் கைதான். "தம்பி. அந்தம்மா கேட்டாங்களே."

"எந்தம்மா?"

"மஞ்சள் கவுன் வாங்கினவங்க. அவங்களைப் பத்தி நம்மகிட்ட என்னென்ன இருக்குன்னு கேட்டு மெயில் போட்டாங்களே. நீகூட சந்தோஷமா எங்கிட்ட வந்து படிச்சுக் காட்டினியே."

"அது அவங்களேதான் கேட்டாங்க அண்ணி!"

"அவங்களேதான்னு யாரு சொன்னா?" என்றார் மேடம்.

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "வாடிக்கையாளர் தன்னைப் பத்தி நாம என்ன தகவல் வெச்சிருக்கோம்னு கேட்டா, மறைக்காம கொடுக்கணும். அது அவங்க உரிமை. எங்க பக்கத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கேன். கெடுகூட நிறைய நாள் இருக்கு. நான்தான், முதல் தடவையா ஒருத்தர் கேட்டிருக்காங்களேன்னு, அன்னிக்கு சாயந்திரமே அனுப்பிட்டேன். முழுசா. முகவரி, போன் நம்பர், வாங்கினது, டெலிவரி குறிப்பு." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"எந்த மெயிலுக்கு?"

"புதுசுக்கு. பழைய மெயில் பூட்டிக்கிச்சுன்னு எழுதியிருந்தாங்க."

"அவங்க போன் நம்பர் உன்கிட்ட இருந்துச்சே. ஒரு தடவை கூப்பிட்டு, 'நீங்கதான் கேட்டீங்களா?'ன்னு கேட்டிருந்தா?"

கொழுந்தன் கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். "போன் நம்பரை டெலிவரிக்குத் தவிர வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டோம்னு கொள்கையில எழுதியிருக்கேன் மேடம். நானே எழுதிட்டு நானே மீறலாமா? அதான் கூப்பிடல."

கீழே பூட்டுக் கடையில் யாரோ சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மேலே வரை வந்தது.

"திருடன் வந்து பூட்டைத் தொடவே இல்ல மேடம்," என்றான் ஒல்லி மெதுவாக. "வாசல்ல நின்னு மரியாதையா கேட்டிருக்கான். இவர் சாவியைத் துடைச்சுக் கொடுத்திருக்காரு."

"நாங்க சட்டப்படிதான் செஞ்சோம்," என்றார் கொழுந்தன். அழுதுவிடுவார் போலிருந்தது.

"சட்டம் கொடுன்னுதான் சொல்லுது. யாருக்குக் கொடுக்கிறோம்னு பார்த்துக் கொடுன்னும் சொல்லியிருக்கும். நீ முதல் பாதிக்கு பயந்தே இன்னொரு பாதியை விட்டுட்டே." மேடத்தின் குரலில் கோபம் இல்லை. அதுதான் கொழுந்தனை இன்னும் குன்ற வைத்தது.

"அப்படி ஒரேயடியா சும்மா கொடுத்திடல மேடம். ஒரு கேள்வி கேட்டேன். கடைசியா என்ன வாங்கினீங்கன்னு. சரியா சொன்னாங்க. மஞ்சள் கவுன், வாத்து போட்டது, சின்ன சைஸ்."

"அதோட கழுத்துப் பொத்தான் விழுந்திடுச்சு, வேற ஒண்ணு கிடைக்குமான்னும் கேட்டிருந்தாங்க," என்றாள் அண்ணி. மிஷின் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்தாள். அதற்குள் ஒற்றை மஞ்சள் பொத்தான். "அதைக் கேட்டுத்தான் நானும் நம்பிட்டேன். பொத்தான் விழுந்தது பெத்தவளுக்குத்தானே தெரியும்? அடுத்த பார்சலோட அனுப்பலாம்னு எடுத்து வெச்சேன்."

மேடம் அந்த உறையை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது அவருடைய கைப்பேசி ஒரு முறை சிணுங்கியது. எடுத்துப் படித்தார். தோள்கள் லேசாக இறங்கின. ஆனால் முகம் தெளியவில்லை.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றான் ஒல்லி.

"ரெண்டும்." கொழுந்தன் பக்கம் திரும்பினார். "அந்த மெயில் எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு. ஆனா..." கொழுந்தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு இன்னொண்ணு வந்திருக்கு. அதே புது மெயில்லேர்ந்து. 'என்னைப் பற்றிய எல்லாத் தகவலையும், நான் எழுதிய கடிதங்களையும் உடனே அழித்துவிடுங்கள்'னு. அதுவும் அவங்க உரிமைதான். சட்டப்படி அழிக்கணும்."

"அழிச்சிட்டியா?" ஒல்லியின் குரல் உடைந்தது.

"அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அண்ணி சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சத்தம் போட்டாங்க."

"அண்ணி," ஒல்லி கை கூப்பினான், "உங்க கொழுந்தனை அப்பப்ப இந்த மாதிரி திட்டிக்கிட்டே இருங்க."

மேடம் திரையருகில் போனார். மெயில் வந்த நேரத்தைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து பட்டுவின் அம்மாவுடைய கைப்பேசியை எடுத்து, அதில் அவள் தன்னைக் கூப்பிட்ட நேரத்தையும் பார்த்தார். இரண்டையும் ஒல்லிக்குக் காட்டினார்.

"இது வந்தப்ப நாம என்ன பண்ணிட்டிருந்தோம்?"

ஒல்லி கணக்குப் போட்டான். அவள் கூப்பிட்டது, பக்கத்துத் தெருவிலிருந்து இவர்கள் ஓடியது, பின்படியில் ஏறியது. "ஃப்ரிட்ஜ் தள்ளிட்டிருந்தோம்."

"புருஷன்?"

"கதவை உதைச்சிட்டிருந்தான்."

"உதைச்சிக்கிட்டே இதை எழுதினானா?"

"உதைக்கிறது காலால மேடம். கை சும்மாத்தானே இருந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் பேச்சு எவ்வளவு அபத்தம் என்பது ஒல்லிக்கு உறைத்தது. சிரிக்க ஆரம்பித்த வாய் அப்படியே நின்றது.

"அவன் எழுதல," என்றான்.

"அவனுக்கு அந்தக் கவுனே தெரியாது. பட்டுவைப் பார்த்தே அவனுக்கு மாசக்கணக்காச்சு. கவுன் வாங்கினது இந்த வீட்டுக்கு வந்த அப்புறம். பொத்தான் விழுந்தது போன வாரம். பட்டு பல்லால கடிச்சு எடுத்துட்டான்னு அவதான் சொன்னா." மேடம் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முதல்ல நீ சொன்னே பாரு, இந்தப் பக்கத்தை முழுசா படிச்ச முதல் மனுஷன் நீன்னு. நீ ரெண்டாவது ஒல்லி. உனக்கு முன்னாடி ஒருத்தன் உட்கார்ந்து ஒரு வரி விடாம படிச்சிருக்கான். எதைக் கேட்டா எது கிடைக்கும்னு தெரிஞ்சிக்கிட்டுக் கேட்டிருக்கான். அவன் கெட்டவன்கூட இல்ல. நிதானமானவன். வீட்டுல பொறுப்பானவன்னு பேர் எடுத்தவன்."

"கவுனை எங்க பார்த்தான்? அவங்க வெளிய போறதே இல்லையே."

மேடம் தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து அண்ணியிடம் நீட்டினார். பட்டு தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். மஞ்சள் கவுன். கழுத்து விலகியிருக்கிறது. பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும்.

"இந்த வாத்து வேற கடையில கிடைக்குமா?"

"இல்லைங்க. என் கையால வரையறது. படத்தைப் போட்டுத் தேடினா நேரா எங்க தளத்துக்குத்தான் வரும். தம்பி அதைப் பெருமையா சொல்லிக்கும்."

"நான் எடுத்த போட்டோ," என்றார் மேடம். "ஒரே ஒருத்தருக்கு அனுப்பினேன். முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்தார். சொல்ல மாட்டேன்னுட்டேன். 'சரி, கொழந்தையோட முகத்தையாவது காட்டுங்க'ன்னு அழுதார். மனசு கேட்கல."

ஒல்லிக்கு யாரென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் அவன் செய்த முதல் காரியம் கதவை நோக்கி ஓடியதுதான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம்! அவ இப்ப அந்த ஆளோட கார்ல இருக்கா! நாமதானே ஏத்திவிட்டோம்!"

"நில்லு."

"என்ன நில்லு! அடுத்த வாரம் கோர்ட்டுல அவளுக்கு சாட்சி சொல்லப்போறதே அவன்தான்! நேரா புருஷன் வீட்டு வாசல்ல கொண்டு போய் இறக்கிடுவான்!"

மேடத்தின் கைப்பேசி அடித்தது. திரையில் அண்ணன். மேடம் ஒலிபெருக்கியை அழுத்தி மேசை மேல் வைத்தார். உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் பார்த்தார்.

"மேடம்!" அண்ணனுக்கு மூச்சிரைத்தது. "தங்கச்சியைக் காணோம் மேடம்! கொழந்தை வாந்தி எடுக்குதுன்னு மருந்துக் கடையில இறங்கினா. உள்ள போனவ வரவே இல்ல. தெருத் தெருவா தேடிட்டேன். உங்களுக்குப் போன் பண்ணினாளா?"

"இல்ல. அவ போன்தான் எங்கிட்ட இருக்கே."

"ஆமா. ஆமால்ல." கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "அவன் தூக்கிட்டுப் போயிருப்பானோ மேடம்?"

"அவன் எங்க இருக்கான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

மறுமுனையில் காரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் கெட்டது பண்ணல," என்றான் அண்ணன் கடைசியில். குரல் மாறியிருந்தது. பதற்றம் போய், சலிப்பு வந்திருந்தது. "எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சே வாழுவா? கொழந்தைக்கு அப்பா வேணாமா? அவன் எங்கிட்ட சத்தியம் பண்ணினான், இனிமே கை வெக்க மாட்டேன்னு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா சரியாயிடும்னுதான்..."

"பேசத்தான் வந்தான். மூணு மாடிக்குக் கீழ கார்ல உட்கார்ந்திருந்தப்ப உங்களுக்கும் கேட்டிருக்குமே, அவன் பேசினது?"

இண்டிகேட்டர் சத்தம் நின்றது.

"பயந்து பின்னாடி வழியா ஓடி வந்தா பிடிச்சுக்கிறதுக்குத்தானே நீங்க அங்க நின்னீங்க? முன்பக்கம் அவன், பின்பக்கம் நீங்க. நடுவுல உங்க தங்கச்சி."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அண்ணி எழுந்து வந்து ஒல்லியின் கையில் அந்தப் பொத்தான் உறையை வைத்தாள். "அவங்க நல்லா இருக்காங்களா? அது மட்டும் சொல்லுங்க."

மேடம் சற்று முன் வந்த செய்தியைக் காட்டினார். மருந்துக் கடைக்காரி அனுப்பியது. மேடத்தின் பழைய சிநேகிதி. 'வந்துட்டாங்க. பின்வாசல் வழியா என் வீட்டுக்கு அனுப்பிட்டேன். கொழந்தை பால் குடிக்குது. அம்மா மட்டும் பேசவே மாட்டேங்கிறாங்க.'

கொழுந்தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழிக்கச் சொல்லி வந்த மெயில் இன்னும் திரையில் திறந்திருந்தது. "இதை என்ன பண்ணட்டும் மேடம்?"

"கோர்ட்டு கேட்கும். அதுவரைக்கும் ஒரு எழுத்தையும் தொடாதே. அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கும். தேடிப் பாரு, நீ கண்டுபிடிப்பே."

கீழே இறங்கி ஸ்கூட்டர் அருகில் வந்ததும் ஒல்லி நின்றுவிட்டான். உறையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டே கேட்டான்.

"இந்தப் பொத்தான், மெயில் எல்லாம் இங்க வந்துதானே நமக்குத் தெரிஞ்சது? ஆனா மருந்துக் கடையில இறங்குன்னு நீங்க அவங்ககிட்ட சந்துலயே சொல்லியாச்சு. அப்பவே எப்படி மேடம்? நான் நீங்கதான் அண்ணனுக்குப் போன் பண்ணி வரச் சொன்னீங்கன்னு நினைச்சேன்."

"நான் அவ பண்ணியிருப்பான்னு நினைச்சேன்."

மேடம் சாவியைப் போட்டார். ஆனால் திருகவில்லை.

"ஊக்கு குத்துறப்ப அவ காதுல ஒண்ணுதான் கேட்டேன் ஒல்லி. 'உன் அண்ணனை நீ கூப்பிட்டியா?' அவ இல்லைன்னு தலையாட்டினா. ஆட்டும்போதே அவளுக்குப் புரிஞ்சிடுச்சு, ஏறலைன்னா மேல இருக்கிறவனைக் கூப்பிட்டுடுவான்னும் சேர்த்து. புரிஞ்ச அப்புறம்தான் அந்தக் கார்ல ஏறினா, அவனைப் பார்த்து சிரிச்சா."